நாலு விரல் வெளியே

பத்திரிகைக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் ரோடு ரோலர். அவளுக்கு வைத்த பெயர் தங்கச்சி. இருவரும் ஆடுவது ஒரே பேட்மிண்டன்தான். பதினெட்டு தடவை மோதியிருக்கிறோம், பதினெட்டிலும் ஜெயித்தது நான். நல்ல பெயர் வாங்கியது அவள்.

தோற்றவுடன் அவள் ஒரு காரியம் செய்வாள். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கேலரியைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து, 'நான் என்ன பண்றது' என்பதுபோலச் சிரிப்பாள். அரங்கமே உருகிப்போகும். நான் ஜெயித்துவிட்டுச் சிரித்தால் திமிர், சிரிக்காவிட்டால் தலைக்கனம். ஒரு தடவை அடக்கமுடியாமல் அழுதுவிட்டேன். அது நடிப்பா நிஜமா என்று டிவியில் நான்கு பேர் ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். நான் ஜெயித்து ஜெயித்தே பெண்கள் ஆட்டத்தை யாரும் பார்க்காமல் செய்துவிட்டேனாம். அதைச் சொன்னவர் என் ஆட்டம் ஒன்றுவிடாமல் பார்த்தவர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது.

பொறாமை, நியாயப்படி, தோற்றவளுக்குத்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது. அவள் ஒரு பற்பசை விளம்பரத்தில் நடித்தாள் என்பதற்காக வீட்டில் அந்தப் பற்பசையையே நிறுத்தினேன்.

இறுதிப் போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. அம்மா டிவி பார்த்தபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். டிவியில் அவள்தான்.

"அக்காகூட ஆடுறதே பெருமைங்க," என்றாள் தங்கச்சி. "ஆனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஜெயிச்சுப் பாக்கணும்."

அம்மா கையிலிருந்த துண்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம்டி இந்தப் பொண்ணு."

"நான் பாவம் இல்லையா?"

"உனக்கென்ன, நீதான் ஜெயிச்சுடுறியே."

அம்மா கண்ணைத் துடைத்தது என்னுடைய துண்டில். நான் வியர்வை துடைக்கும் துண்டு.

"ஃபைனலுக்கு வர்றியாம்மா?"

"வராம? அவளையும் நேர்ல பாத்த மாதிரி இருக்கும்."

அன்று குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன். சிரித்தும் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. மறுநாளும் செய்தேன்.

இறுதிப் போட்டியில் அவள் நன்றாக ஆடினாள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது கேமில் இருபத்தொன்றுக்கு இருபது என்று முன்னால் இருந்தாள். ஒரு பாயின்ட் எடுத்தால் பட்டம் அவளுக்கு. அப்போதுதான் அவள் அடித்த ஷட்டில் வலைக்குப் பக்கத்தில் சோம்பலாக மேலே எழும்பியது. அவள் இடது ஓரத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய வலது பின்மூலை காலியாகக் கிடந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் அடிக்கிற மூலை அது.

அடிப்பதற்கு முன் கேலரியைப் பார்த்தேன். அம்மா எழுந்து நின்று, இரண்டு கையையும் நெஞ்சில் கோத்துக்கொண்டிருந்தாள். கண் என் மேல் இல்லை, தங்கச்சி மேல் இருந்தது. சரி, தோற்றால்தான் பிரியம் என்றால் தோற்றே பார்க்கிறேன் என்று மணிக்கட்டை ஒரு சுண்டு கூடுதலாகச் சுண்டினேன். கோட்டுக்கு நாலு விரல் வெளியே விழுந்தது.

கூரை பெயர்ந்துவிடும் போலக் கத்தினார்கள். நான் மட்டையைக் கக்கத்தில் இடுக்கி, கேலரியைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தேன். ஒருவரும் பார்க்கவில்லை.

"கொஞ்சம் தள்ளுங்க மேடம், மறைக்குது," என்றார் ஒரு புகைப்படக்காரர்.

தள்ளி நின்றேன். எல்லா கேமராவும் அவளைச் சுற்றியிருந்தன. அவள் சிரிக்கவில்லை. ஷட்டில் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிசளிப்பு முடிந்து, நான் இருந்த உடை மாற்றும் அறைக்கு அவள் வந்தாள். பதக்கம் கழுத்தில் இருந்தது. கதவைச் சாத்தினாள்.

"அந்த மூலையில நீங்க இதுவரைக்கும் ஒரு தடவைகூட வெளிய அடிச்சதில்லக்கா. பதினெட்டு மேட்ச்சும் எனக்கு மனப்பாடம்."

"கை வழுக்கிடுச்சு."

"உங்களுக்கா?"

நான் ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே அவிழ்ந்துதான் இருந்தது.

"மூணு வருஷமா அந்த ஒரு அடிக்குத்தான்க்கா ஓடிப் பழகுறேன். இடது ஓரத்துல நிக்கிற மாதிரி நின்னு, நீங்க கைய ஓங்குறப்பவே வலப்பக்கம் ஓட்டம் எடுத்துடணும். இன்னிக்கு எடுத்துட்டேன். நீங்க என்னைப் பாக்கவே இல்ல. உள்ள அடிச்சிருந்தா நான் அதை எடுத்திருப்பேனா மாட்டேனா? இனி அது எனக்கு எப்படித் தெரியும்?"

மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். அவிழ்ந்த கயிற்றை மறுபடி கட்டினேன். அவள் பதக்கத்தைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டாள். பெற்றவள் முன்னால்கூட நான் அப்படி அழுததில்லை. அந்த நிமிடத்திலும் அவள் மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நடைபாதையில் அம்மா காத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கண் கலங்கி, என் ஈரத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"பாவம்டி என் பொண்ணு," என்றாள்.

எத்தனை வருடமாக ஏங்கிய சொல். அது காதில் விழுந்ததும் உடம்பு கூசியது.

"எனக்குச் சொல்லாதம்மா," என்றேன். "அவ உள்ள தனியா உக்காந்து அழுறா. அவகிட்ட போய்ச் சொல்லு."

அம்மா என்னை விலக்கி, முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அவளுக்கென்னடி," என்றாள். "அவதான் ஜெயிச்சுட்டாளே."