பெயர் மறைத்த கட்டுரை

அந்தக் கல்லூரி மாணவர் இதழின் அட்டையில் அறிவியல், சமூகம், சட்டம் என்று மூன்று பெரிய சொற்கள் உண்டு. இதழாசிரியை சட்டம் மூன்றாமாண்டு படிப்பவள். யார் எழுதினாலும் வெட்டித் தள்ளுவதால் அவளுக்குக் கத்தரி என்று பெயர்.

கட்டுரையை மதிப்பிடுபவர்களுக்கு, எழுதியது யார் என்று தெரியக் கூடாது. இந்த விதியில் கத்தரி படு கறார். உயிரியல் மாணவன் ஒருவன் அனுப்பிய கட்டுரையில் 'எங்கள் விடுதி' என்ற சொல்லைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. ஓர் ஆய்வுக்கூடம் தன் துப்புரவுப் பெண்களிடம் எதற்கென்று சொல்லாமலே ரத்தம் எடுத்த கதை அது. கட்டுரையின் கடைசியில், அவனிடம் பேசச் சம்மதித்த பதினொரு பெண்களின் ஒப்புதல் படிவங்கள்: பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் பளிச்சென்று. அந்தப் பக்கங்களிலும் மாணவன் பெயரைத் தேடித் தேடிக் கறுப்படித்தாள். பெண்களின் பெயர் அவள் கண்ணில் படவே இல்லை. மதிப்பிட்ட இருவரில் ஒருவர் அதே ஆய்வுக்கூடத்துக்காரர். இதழைக் கவனிக்கும் பேராசிரியரின் சிநேகிதர்.

கட்டுரை மதிப்பீட்டுக்குப் போன பத்தாம் நாள், அதிகம் பேசிய பெண்ணுக்கு வேலை போயிற்று. மேற்பார்வையாளர் அவள் படிவத்தையே நீட்டிக் காட்டினாராம்.

அவள் நேராக இதழ் அறைக்கு வந்துவிட்டாள். இதழ் ஒரு கடிதம் கொடுத்தால் வேலை திரும்பக் கிடைக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தவறு எங்களுடையது, இதை வைத்து இவரை நீக்குவது முறையல்ல என்று கத்தரி அங்கேயே தட்டச்சு செய்து, அறையில் இருந்த பேராசிரியரிடம் நீட்டினாள். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் அது வெறும் தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா," என்றார் அவர்.

"தப்பு நம்மளுதுதானே சார்?"

"அதுக்காக? ரெண்டு வாரத்துல இதழ் வரணும்."

அங்கே இருந்த உயிரியல் மாணவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "சார், வேலை போனதையும் ஒரு அடிக்குறிப்பாச் சேர்த்துட்டா கட்டுரை இன்னும் வலுவாயிடும்."

பேராசிரியர் முகம் மலர்ந்தது. "நல்ல யோசனை. இவங்க வயசு என்ன போடலாம்? நாப்பது இருக்குமா?"

"நாப்பத்தஞ்சு போடலாம் சார்."

கத்தரிக்கு அருவருப்பு வந்தது. இவர்கள் மேல் மட்டுமல்ல. வேலை போன செய்தி வந்ததும், இதழ் தள்ளிப் போகுமோ என்றுதான் அவளும் முதலில் பதறியிருந்தாள். அந்த நினைப்பைக் காறித் துப்பக்கூட இடமில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பெண் எழுந்தாள். கடிதத்தை அவள் கேட்கவில்லை.

"ரத்தம் எடுத்த அன்னைக்கும் இப்படித்தான்," என்றாள். "என்னை எதிர்லயே உக்கார வெச்சுட்டு, என்னைப் பத்தி அவங்களுக்குள்ளயே பேசிக்கிட்டாங்க."