மெஹிட்டபலின் சாட்சிக்கு ஒரு கை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது, ஒளிப்பானேன்? மாசசூசெட்ஸில் குடியேறித் தலையும் நரைத்துவிட்டது. போன வாரம் எங்கள் தெருக்கோடித் தேவாலயத்தில் ஒருவர் பெருமையாகச் சொன்னார்: அந்தக் காலத்தில் பெண்கள் தங்கள் பாவத்தை ஒப்புக்கொண்டு எழுதிய சாட்சியைப் போதகர்தான் சபையில் வாசிப்பாராம். அவளுடைய 'நான்', அவர் வாயில்! வந்ததே கோபம் எனக்கு. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "1754. பனி பெய்துகொண்டிருந்த ஒரு..."

சீ. அமெரிக்கா என்றாலே பனிதானா? அடித்துவிட்டேன். வருஷம் மட்டும் இருக்கட்டும்.

2

மெஹிட்டபல் கைம்பெண். மடியில் கைக்குழந்தை, பெண். பால் குடிக்காமல் நாளுக்கு நாள் இளைக்கிறது. உயிர் போவதற்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டுமென்று பெற்றவள் தவிக்கிறாள். அவள் சபையில் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு அது கிடைக்கும். சேர வேண்டுமானால் தன் பாவத்தையும் மனந்திரும்பியதையும் சாட்சியாக எழுதித் தர வேண்டும். ஆண்கள் கை தூக்கி அதை ஏற்க வேண்டும்.

(அந்த மண்ணின் இலக்கியம் இந்தச் சாட்சிகளில்தான் துளிர்த்தது என்பது என் கட்சி. 'நான் பாவி' என்று முனகிய அதே வாய்தான் பிறகு 'நான் யோசிக்கிறேன்' என்றது. பேராசிரியர்கள் சண்டைக்கு வரட்டும்.)

அவள் பாவம் என்ன? புருஷன் ஈனோஸ் வருஷா வருஷம் அச்சாகி வரும் அந்த ஊர்ப் பஞ்சாங்கத்தில் படித்துவிட்டு, களஞ்சியக் கூரையில் இடிதாங்கிக் கம்பி நட்டான். தேவகோபத்துக்கு அணை கட்டுவதா என்று போதகர் அசஹேல் கண்டித்தார். மெஹிட்டபல் பயந்துபோனாள், அழுது அடம்பிடித்துக் கம்பியைக் கழற்ற வைத்தாள். அந்தக் கோடையிலேயே இடி விழுந்தது. எரிகிற களஞ்சியத்தில் மாடுகளை அவிழ்க்கப் போன ஈனோஸ் திரும்பி வரவில்லை.

[இங்கே இரண்டு பக்கம் கண்ணீர். நீக்கிவிட்டேன்.]

3

ஞாயிற்றுக்கிழமை. போதகர் அவள் சாட்சியை வாசிக்கிறார்.

"கம்பி நட்டது எங்கள் அகங்காரம். அந்தப் பாவத்துக்காகவே தேவன் என் புருஷனை..."

"ஐயா, நான் அப்படி எழுதலையே."

பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்து யாரும் கேட்டதில்லை. சபையே திரும்பிப் பார்த்தது.

"உக்காரும்மா. லேசாத் திருத்தியிருக்கேன். உன் நல்லதுக்குத்தான்."

"எழுதினதை வாசிங்க. இல்லேன்னா நானே சொல்றேன்."

மூப்பர் ஜபேஸ் எழுந்தார். "பிள்ளைய நெனச்சுப் பாரு, மெஹிட்டபல்."

"நெனச்சுத்தான் எந்திரிச்சேன். கம்பி வச்சது பாவமில்லீங்க. கழட்ட வச்சதுதான் என் பாவம். கர்த்தர் குடுத்த புத்திய உங்களுக்குப் பயந்து மூட்டை கட்டி வச்சேன். அதுக்கு அவர்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன். உங்ககிட்ட இல்ல."

"அடி ஆத்தே! இது சாட்சியா, சண்டையா?"

"ரெண்டும்தான், மூப்பரே."

4

இங்கே முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முடிவு அ: சபை நெகிழ்ந்து எழுந்து... பொய்.

முடிவு ஆ: போதகர் கண்கலங்கி... அதுவும் பொய். மனுஷர் கெட்டவரில்லை, பிள்ளைக்கு ஞானஸ்நானத் தண்ணீர் கிடைக்கட்டும் என்றுதான் திருத்தினார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

முடிவு இ: "விழுங்கிட்டு உக்காரு, தாயி" என்று நானே அவள் காதில் எழுதிப் பார்த்தேன். உட்காரவில்லை. நானும் அவளைத் திருத்தத்தானே பார்த்தேன்? கிழித்துப் போட்டேன்.

அவள் நிற்கிறாள். போதகர் காகிதத்தை மடித்துவிட்டுக் கேட்கிறார்: "இப்ப இவ வாயால சொன்னதுதான் சாட்சி. ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க."

ஜபேஸின் கை முழங்காலைவிட்டு எழவில்லை. வேறு யாரும் அசையவுமில்லை. எனக்கு அங்கே ஓட்டுக் கிடையாது, நானும் பொம்பளை. குழந்தையின் அழுகை தேய்ந்துகொண்டே போகிறது.

ஆண்கள் வரிசையில் உங்களுக்கு ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறேன். யாராக இருந்தாலும் வந்து உட்காருங்கள். இந்தப் புத்தகத்தைப் பிடித்திருக்கிறீர்களே, அந்தக் கைகளில் ஒரு கையைத் தூக்கினால் போதும்.