துண்டு போட்ட கேமரா

எங்கள் வீட்டு வாசல் கேமராவுக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. மாட்டியவர் என் வீட்டுக்காரர். வேலை செய்கிற இடத்திலிருந்து போனில் வாசலைப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரா? "கேட்டைச் சாத்தல பாரு" என்று கேமராவுக்குள்ளிருந்து குரல் கொடுப்பார். தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் முடி காயவைத்தால், "போதும் மகாராணி, வெயில் ஏறுது, உள்ள போ" என்பார். தெருவே சிரிக்கும். மானம் போகும்.

ஒருநாள் துணி காயப்போடும் கம்பால் ஒரு பழைய துண்டைத் தூக்கி அதன் தலையில் போட்டேன். அன்றோடு குரல் அடங்கியது. காற்றுக்கும் மழைக்கும் துண்டு விழவேயில்லை. என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டைக்குப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றவளுக்கு அது எவ்வளவு எரிச்சல் தெரியுமா?

பிறகு ஒருநாள், வேலை செய்யும் இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய போன் ஆபீஸ் போன். அவர்கள் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். வீட்டில் இருக்கிற போட்டோக்களில் எல்லாம் கல்யாண வீடுகளில் விறைத்துக்கொண்டு நிற்கிறார். மனுஷன் பேசுகிற மாதிரி, நடக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை. மிச்சம் இருந்தது அந்தக் கேமரா ஒன்றுதான்.

மகள் ஊரிலிருந்து வந்தபோது, அதில் பதிவானதைத் திறந்து பார்க்கக் கேமராக்காரரைக் கூட்டிவந்தாள். அவர் தன் ஏணியைச் சாத்தி ஏறினார்.

"யாரும்மா மூடினது? ரெண்டு முனையையும் பின்னால மடிச்சு, அழகா செருகி வச்சிருக்காங்க."

"வேற யாரு, நான்தான்" என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் துண்டை உருவி பெஞ்சின்மேல் போட்டார்.

"பாஸ்வேர்ட் தெரியலன்னா பரவாயில்லம்மா. இந்த ஓட்டையில ஊசியை விட்டு அமுக்கினா புதுசு மாதிரி ஆயிடும். ஆனா உள்ள மெமரி கார்டுல இருக்கிற பழைய பதிவு போயிடும்."

"அமுக்கினீங்கன்னா பாருங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் ஒரு படி இறங்கிவிட்டார்.

மகள் என் தோளைத் தொட்டாள். "அம்மா, நீதான் மூடியே வச்சிருந்தியே. உள்ள இருட்டுதான இருக்கும்?"

"இருந்துட்டுப் போகட்டும். குரலாவது கேக்கும்ல?"

"ஏதாவது அசைஞ்சாதாம்மா இது பதிவே பண்ணும்" என்றார் கேமராக்காரர் தயங்கியபடி.

மகள் போனை எடுத்து, பாஸ்வேர்டாகத் தன் பிறந்த நாளைப் போட்டாள். இல்லை. எங்கள் கல்யாண நாள். இல்லை. என் பிறந்த நாளைப் போடப் போனாள். "அதை அந்த மனுஷன் என்னைக்குடி ஞாபகம் வச்சிருந்தாரு?" என்றேன். போட்டாள். அதுவும் இல்லை.

"இன்னும் ஒரு தடவைதான் விடும்" என்றார் கேமராக்காரர். "அதுவும் தப்பாப் போனா பூட்டிக்கும். அப்புறம் ஊசிதான்."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இந்த மனுஷன் என்றைக்காவது மூளையைக் கசக்கியிருக்கிறாரா? கண்ணெதிரே என்ன இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிற ஆள். வைஃபைக்குப் பாஸ்வேர்ட் கேட்டபோது எதிரே இருந்த ஃபிரிட்ஜின் நம்பரைப் போட்டார். அவ்வளவு ஏன், பிள்ளைக்கு என்ன பெயர் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, எதிரே நின்ற நர்ஸின் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துச் சொன்னவர். அந்தப் பெயரைத்தான் என் மகள் இன்றுவரை சுமக்கிறாள்.

"உங்க ஏணியை எடுங்க" என்றேன் கேமராக்காரரிடம். "பின்னால எங்க ஏணி இருக்கு, அதைக் கொண்டாங்க."

அதன்மேல் நின்றுதான் என் வீட்டுக்காரர் கேமராவை மாட்டி, போனில் பாஸ்வேர்டும் போட்டார். நான் ஏறினேன். "அம்மா, விழுந்து வைக்காத!" என்று மகள் கத்தினாள். கேமரா வரைக்கும் ஏறி, போனைப் பிடிப்பதுபோலக் கையை வைத்துக் குனிந்து பார்த்தேன். ஏணியின் உச்சிப் படியில், பாதி உரிந்த ஒரு லேபிள். அதில் நாலைந்து எழுத்து, பக்கத்திலேயே ஒரு நம்பர்.

படித்தேன். மகள் அடித்தாள். திறந்துகொண்டது.

"நல்லவேளை, மூடியிருந்ததால கார்டு நிறையவே இல்ல" என்றார் கேமராக்காரர். "இல்லன்னா பழசு மேல புதுசு ஏறி எல்லாம் அழிஞ்சிருக்கும்."

உள்ளே சின்னச் சின்னப் பதிவுகள். எல்லாமே அவர் வீடு திரும்பும் சாயங்கால நேரம். மகள் ஒன்றைத் தொட்டாள். இருட்டு. பிறகு துண்டு விலகியது. வாசல் படியில் எக்கி நின்றபடி அவர் முகம், மூக்கு மயிர் தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில்.

"என்னப்பா, கண்ணைக் கட்டிவிட்டுட்டாங்களா மகாராணி? பொறு, பொறு." ஊதி, சட்டை நுனியால் கேமராவைத் துடைத்தார். கதவுப் பக்கம் ஒருதரம் திருட்டுப் பார்வை பார்த்தார். மறுபடி மூடினார்.

அடுத்தது. "முதுகு விட்டுப்போச்சுடா சாமி. உள்ள சொல்லிடாத, தைலத்தைத் தேய்ச்சே கொன்னுடுவா."

நான் சிரித்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கை அடைத்தது. ஒவ்வொரு நாளும் இதனிடம் வந்து பேசியிருக்கிறார். ஒரு நாள்கூட என்னிடம் மூச்சு விடவில்லை, கள்ளன்.

கடைசிப் பதிவு. அதற்கு மறுநாள்தான் போனார். "உள்ள பாட்டுச் சத்தம் கேக்குது. இன்னைக்கு நல்ல மூட்ல இருக்கா. நீ துண்டோடவே இருப்பா. அவ பாட்டுக்கு நிம்மதியா முடி காயவைக்கட்டும்." இரண்டு கையும் மேலே வந்தன. துண்டின் முனைகளைப் பொறுமையாக மடித்துப் பின்னால் செருகின. இருட்டு.

ஓவென்று அழுதேன். கேமராக்காரர் பாவம், ஒயரைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெஞ்சில் கிடந்த துண்டை எடுத்தாள். "எவ்வளவு தூசிம்மா. துவைச்சுப் போடறேன்."

"வை அதை!"

அவள் பயந்து வைத்துவிட்டாள். கம்பால் தூக்கிப் போட்டவள் நான். எனக்கு அவ்வளவு உயரத்தில் முனையைச் செருக எங்கே எட்டும்? துண்டின் இரண்டு முனையிலும் மடிப்பு அப்படியே நின்றது. அவர் கை வைத்த மடிப்பு. அது கலையாமல் இரண்டு கையிலும் ஏந்தி உள்ளே கொண்டுபோனேன்.