வலது குதிகாலின் வெளி ஓரம்

கணவரின் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கட்டைவிரல் மூட்டு வலித்தது. ஈரத்துணியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். குதிகாலில் ஒரு வெடிப்பு இல்லை, விரல்களின் அடியில் காய்ப்பு இல்லை. தினமும் விடியற்காலையில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறி, வாய்க்கால் கரையில் இறங்கி ஓடுகிறவரின் பாதம் இத்தனை மிருதுவாக இருப்பது தன் எண்ணெயின் வேலை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"போதும்மா. காலையே எவ்வளவு நேரம் துடைப்ப?" என்றாள் மகள்.

"ஓடினது கால்தானே."

மகள் சட்டையின் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். இஸ்திரி போட்ட சட்டை. அன்று காலை வாய்க்கால் மதகுக்காரரும் இன்னொருவரும், பாதையில் விழுந்து கிடந்தார் என்று உடலைத் தூக்கிவந்தபோது அவர் போட்டிருந்த பனியன் பின்கட்டு வாளியில் கிடந்தது. நெஞ்சுப் பக்கம் முழுக்க நனைந்திருந்தது. எப்போதும் போல அதில் வியர்வையைவிட வாய்க்கால் பாசி வாசம்தான் தூக்கலாக இருந்தது. முகம் கழுவியிருப்பார்.

மருந்துக் கடைக்காரர் கதவோரம் நின்று கனைத்தார். ஓட்டச் சங்கத்தின் செயலாளர் அவர்.

"அக்கா, இப்போ கேட்கலாமான்னு தெரியல. அண்ணனோட ஷூவைக் கொடுத்தீங்கன்னா சங்கத்துல மாட்டிடலாம். சாயங்காலம் எல்லாரும் வர்றாங்க."

சங்கக் கட்டடத்தின் சுவரில் ஏற்கெனவே இரண்டு ஜோடிகள் தொங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். இறந்துபோன உறுப்பினர்களின் ஷூக்கள். நாடாவைக் கட்டி ஆணியில் மாட்டி, அடிப்பாகம் வெளியே தெரியும்படி திருப்பி வைத்திருப்பார்கள்.

"போட்டோவுல மூஞ்சிதான் தெரியும். மனுஷன் என்ன ஓடினான்னு அடியைப் பார்த்தாத்தானே தெரியும்" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"கொடும்மா. அப்பாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்" என்றாள் மகள்.

மருந்துக் கடைக்காரர் ஓடுகிற பாதையெல்லாம் அவள் கணவர் போட்டுக் கொடுத்தவை. அவர் வழி போடுவதற்கு முன் ஆற்றோர ஒற்றையடிப் பாதை தனியாகவும் வாய்க்கால் கரை தனியாகவும் கிடந்தன. ஆற்றுப் பாதை பள்ளத்தாக்கோடு ஏறி இறங்கும், நெஞ்சை அடைக்கும். வாய்க்கால் அப்படியல்ல. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காக அதைக் குன்றின் இடுப்பைச் சுற்றி, ஓடுவதற்குத் தேவையான சரிவை மட்டும் விட்டு வெட்டியிருப்பார்கள். கரையில் ஓடினால் மேடா பள்ளமா என்றே தெரியாது. ஆற்றோரம் ஏறி, வாய்க்கால் தொடங்குகிற தலைமதகின் மேல் குறுக்கே கடந்து, வாய்க்கால் கரையோடு திரும்பினால் ஒரு முழுச் சுற்று. கஷ்டமெல்லாம் போகும்போதே தீர்ந்துவிடும். வரும்போது தண்ணீரே கூட்டிவரும். பாறைகளில் வெள்ளைப் பெயின்டால் அம்புக்குறி போட்டதும் அவர்தான். ஊரில் பாதிப் பேர் அந்த அம்புக்குறிகளைப் பார்த்துத்தான் ஓடக் கற்றுக்கொண்டார்கள்.

மகளும் கற்றுக்கொண்டாள். அவளுக்கு இளைப்பு உண்டு. பள்ளத்தாக்கின் இரண்டாவது வளைவில் மூச்சுத் திணறி உட்கார்ந்தவளை அங்கேயே விட்டுவிட்டு, "இளைப்பெல்லாம் மனசுல இருக்கு, எழுந்து வா" என்று சொல்லிவிட்டு அவர் ஓடிப்போனார். மகள் கல்யாணமாகிப் போன பிறகும் போனில் கேட்பார். "நான் இன்னைக்கும் முழுச் சுத்து ஓடிட்டேன். நீ என்ன பண்ணின?" மனைவியிடமும் கேட்பார். "நாள் பூரா உட்கார்ந்த இடத்துல செருப்புக்கு ஆணி அடிக்கிற. ஒரு நாளாவது வந்து ஓடிப் பாரேன்."

மருந்துக் கடைக்காரர் நகர்ந்ததும் மகள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "என்னை எவ்வளவோ பேசியிருக்காரும்மா. அத்தனையும் மனசுல இருக்கு. ஆனா சொன்னதைத் தானும் செஞ்சாரு. கடைசி நாள் வரைக்கும் ஓடினாரு. அந்த ஒண்ணுக்காகத்தான் விட்டுட்டேன்."

அம்மா துணியைப் பிழிந்தாள்.

ஷூக்கள் விறகு அறைப் பலகையில் இருந்தன. தூக்கிவந்தவர்கள் கழற்றி, வழக்கமான இடத்தில் வைத்திருந்தார்கள். ஷூ ரிப்பேர் கடை நடத்துகிற அவள் அந்த ஷூவைக் கையால் தொட்டு வருடங்களாகிவிட்டன. "இதெல்லாம் புது மாடல். உன் ஆணிக்கும் பசைக்கும் ஒத்துவராது" என்று சொல்லி, டவுனில் வாங்கி, தானே துடைத்து வைத்துக்கொள்வார். தூசு தட்டலாம் என்று பட்டறை ஜன்னலுக்கு எடுத்துவந்து கவிழ்த்தாள்.

ஓடுகிறவரின் ஷூ ஒரே சீராகத் தேயாது. பெரும்பாலோருக்குக் கால் முதலில் தரையில் படும் இடம் குதிகாலின் வெளி ஓரம். அங்கே ரப்பர் சாய்வாகக் கரையும். பிறகு எடை உள்பக்கமாக உருண்டு கட்டைவிரலின் அடிமேட்டுக்கு வரும். உடம்பை முன்னே தள்ளுவது அந்த மேடுதான், அதனால் அந்த இடம் வட்டமாக மழுங்கும். ஆற்றோரச் சரளை குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போடும். வாய்க்கால் கரைக் களிமண் பள்ளங்களில் புகுந்து இறுகும், ஊசியால் குத்தித்தான் எடுக்க வேண்டும்.

இந்த ஷூவில் அப்படி எதுவும் இல்லை. நாடா தினமும் கட்டி அவிழ்த்துப் பிசிர் விட்டிருந்தது. அடியிலோ கட்டங்களின் விளிம்புகள் கூராக நின்றன. அச்சில் வார்த்தபோது மிஞ்சிய ரப்பர் மயிர்கள்கூட ஓரங்களில் உதிராமல் இருந்தன. மதகுவரை மெல்ல நடந்து மெல்லத் திரும்பினால் எவ்வளவு தேயுமோ அவ்வளவுதான் தேய்ந்திருந்தது.

"அக்கா" என்று ஒரு குரல்.

பின்வாசலில் மதகுக்காரர், கையில் ஒரு துணிப்பையோடு. அவள் கையிலிருந்த ஷூவைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

"இது உங்க வீட்டுது. அங்கேயே இருந்தா நல்லாயிருக்காது."

உள்ளே ஒரு தலையணை. பூப்போட்ட உறை. அதைத் தொலைத்துவிட்டதாகச் சலவைக்காரரோடு அவள் சண்டையே போட்டிருந்தாள்.

"பாதையில விழுந்து கிடந்தாருன்னு சொன்னீங்களே, தம்பி."

"என் கொட்டாயிலதான் படுத்திருந்தாரு. எழுப்பினேன், எழுந்திருக்கல. பாதைக்குத் தூக்கிவந்து கிடத்திட்டுத்தான் ஆளைக் கூப்பிட்டேன்."

"தினமுமா?"

"முதல்ல முட்டி வலின்னு வந்தாரு. டாக்டர் ஓடக்கூடாதுன்னுட்டாராம். ஊருக்கே வழி போட்டுக் கொடுத்துட்டு நான் போய் உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்னாரு. அப்புறம் அதுவே பழகிப்போச்சு. வருவாரு, தூங்குவாரு. கிளம்பும்போது வாய்க்கால்ல பனியனை நனைச்சுக்குவாரு. இன்னைக்கு நான்தான் நனைச்சுவிட்டேன்."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"நானும் சொன்னேங்க்கா." மதகுக்காரர் தரையைப் பார்த்தார். "'ஓடலைன்னு தெரிஞ்சா ராத்திரி கால் அமுக்கிவிடறதை நிறுத்திடுவா'ன்னு சிரிப்பாரு."

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பகலெல்லாம் தோலைக் குத்தி இழுத்த விரல். ராத்திரியில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு அந்தக் கெண்டைக்கால்களில் அழுத்தியதால் இப்போது முழுசாக மடங்காத விரல். "இன்னைக்கு ஏத்தம் ஜாஸ்தி, கொஞ்சம் அழுத்திப் பிடி" என்பார் அவர்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்படியே இருக்கட்டும். நீங்க முன்பக்கமா போங்க."

தலையணையைத் தோல் துண்டுகள் போடும் சாக்கின் அடியில் திணித்தாள். ஷூவை இரும்பு அச்சில் கவிழ்த்து மாட்டினாள். அரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று விரலால் அடியைத் தடவிப் பார்த்தாள். எல்லாருடைய கால்களும் ஒன்றுபோலத் தேய்ப்பதில்லை.

அவளுடைய அப்பா கடை நடத்திய காலத்தில், இதே ஜன்னலில் ஒரு பையன் ஷூவை நீட்டியபடி மூச்சு வாங்க நின்றான். வலது குதிகாலின் வெளி ஓரம் தோலோடு போயிருந்தது. இடது அவ்வளவு இல்லை. "ஒரு பக்கமா சாய்ஞ்சு ஓடறீங்க" என்றாள். "நீங்க எப்போ பார்த்தீங்க?" என்றான். "ஷூவைப் பார்த்தேன்." அந்தக் குதிகாலை அவள் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எத்தனையோ தடவை ஒட்டிக் கொடுத்திருக்கிறாள்.

வலதில் தொடங்கினாள். முதலில் வெளி ஓரத்தில் சாய்வாக இழுத்தாள். பிறகு கட்டைவிரல் மேட்டை வட்டமாக மழுக்கினாள். ரப்பர் மயிர்களைக் கத்தியால் சீவினாள். பின்கட்டுச் சரளையில் வைத்து அழுத்தித் தேய்த்துக் கீறல் போட்டாள். அரத்தின் தடம் தெரியாமலிருக்க உப்புத்தாளால் தடவினாள். களிமண்ணைக் குழைத்துப் பள்ளங்களில் அப்பி வெயிலில் வைத்தாள்.

முன்னறையிலிருந்து யாரோ ஒரு பெண்மணி கேட்டாள். "இந்த நேரத்துல பட்டறையில என்ன சத்தம்?"

"விடுங்க. கை வேலையில இருந்தா மனசு ஆறும்" என்றது இன்னொரு குரல்.

உடலை எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பிய பிறகு, சாயங்காலம், மருந்துக் கடைக்காரர் ஷூக்களை இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டார். கவிழ்த்துப் பார்த்தார். மகளிடம் நீட்டினார்.

மகள் வலது குதிகாலின் சாய்வில் விரலை வைத்தாள். கண்கள் நிறைந்தன. "எவ்வளவு ஓடியிருக்காரு பாரும்மா" என்றாள்.

அம்மா குனிந்து பார்த்தாள். இடது குதிகாலில் அரத்தின் ஒரு இழுப்பு கூடிப்போயிருந்தது.