இடது கால் மட்டும்

எங்கள் ஷூ கம்பெனி படிவத்தில் குற்றத்துக்கு மூன்றே கட்டம்: வெட்டு, தையல், பசை. தையல் போட்ட இடத்தில் தோல் கிழிந்தால் 'தையல்' கட்டத்தில் டிக். ஆம்பூரில் ஒன்பது வருடமாகச் செக்கிங் மேஜையில் உட்கார்ந்து இப்படித்தான் டிக் அடித்திருக்கிறேன். யோசிக்கவா சம்பளம் கொடுக்கிறார்கள்?

அந்த வாரம் பதினோரு டிக்கும் ஹெலன் பேரில் விழுந்தன. ஷூவின் முன்பக்கத் துண்டு தைப்பது அவள் மிஷின் மட்டும்தான். பிரசவ விடுப்பு முடிந்து மிஷினுக்குத் திரும்பி அவளுக்குப் பத்து நாள்கூட ஆகவில்லை. சூப்பர்வைசர் சீனிவாசன் என் மேஜைக்கு வந்தார்.

"இன்னும் ஒண்ணு வந்தா அந்தப் பொண்ண நிறுத்திடலாம் மோகனா. குழந்த நெனப்புலயே தைக்குது போல."

எனக்கும் அப்படித்தான் பட்டது. கைக்குழந்தைக்காரி, தூக்கம் இருக்காது, கை நடுங்கும். யாரிடம் சொன்னாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மதியம் பன்னிரண்டாவது வந்தது. பேனாவை எடுத்தேன். எதிர் மிஷினிலிருந்து ஹெலன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் கையிலிருந்த தோலைப் பார்த்தேன். இடது கால். தட்டில் கிடந்த மற்ற பதினொன்றையும் மேஜையில் கொட்டினேன். அத்தனையும் இடது கால்.

கை நடுங்குகிறவளுக்கு வலது கால் தைக்கும்போது மட்டும் நடுக்கம் நின்றுவிடுமா?

ஒன்றை இழுத்துப் பார்த்தேன். ரப்பர் மாதிரி நீண்டது. மாட்டின் வயிற்றுப் பக்கத் தோல். அது தொளதொளவென்றிருக்கும், தையலைத் தாங்காது. முதுகுத் தோல்தான் தாங்கும்.

வெட்டும் மேஜைக்கு ஓடினேன். அங்கே முனிரத்தினம், அரக்கோணத்தில் பல வருடம் துணி வெட்டிவிட்டு இந்த மாதம்தான் எங்களிடம் சேர்ந்தவர், வலது கால் துண்டையெல்லாம் முதுகிலும் இடது கால் துண்டையெல்லாம் வயிற்றிலும் வரிசையாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே இது? முன்பக்கத் துண்டு ரெண்டும் முதுகுலதான வெட்டணும்?"

"லெப்ட்டு ஒரு பக்கம், ரைட்டு ஒரு பக்கம்னா கலக்காம இருக்கும்னு பாத்தேம்மா. துணியில அப்டித்தான வெட்டுவோம்."

அவர்மேல் கோபம் வரவில்லை. துணிக்கு ஏது வயிறும் முதுகும்! கோபமெல்லாம் என்மேல்தான் வந்தது.

நான் விஷயத்தைச் சொன்னதும் சீனிவாசன் பன்னிரண்டையும் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"முனிரத்தினத்துக்கு நான் சொல்லிக்குடுக்கறேன். ஆனா இத மொதல்லயே பாக்க வேண்டியது யாரு?"

"நான்தான் சார்."

ஹெலன் பேரிலிருந்த பதினோரு டிக்கையும் கோடு போட்டு அடித்துவிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நெஜமாவாக்கா? என் கைதான் கெட்டுப்போச்சுன்னு, நாலு நாளா பாப்பாவக்கூட நான் குளிப்பாட்டலக்கா."