மூடுபனியில் காயும் ஸ்வெட்டர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கேட்டு வாங்கப்பட்ட கதை. மனதில் ஊறி, தூக்கத்தைக் கெடுத்து, தானாக வந்து விழுந்த கதையெல்லாம் இல்லை. எங்கள் பேரூராட்சியின் செயல் அலுவலர் ராஜசேகர் ஒரு நாள் பேக்கரியில் என்னைப் பிடித்து, வர்க்கித் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்து, "சார், நீங்க எழுதறவரு. நம்மூருக்கு ஒரு கதை எழுதிக் குடுங்க" என்று கேட்டதால் வந்தது.

வர்க்கி வாங்கித் தரும் அதிகாரியை நான் நம்புவதில்லை. வாங்கித் தராத அதிகாரியையும் நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

விவகாரம் இதுதான். குன்னூருக்குக் கீழே இருக்கிறது எங்கள் ஊர். (பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் நாளைக்கே ஒருத்தர் மறுப்புக் கடிதத்தோடு வருவார்.) தேயிலைத் தொழிற்சாலை மூடியதிலிருந்து ஆட்கள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். பூட்டிய வீடு மழையில் ஒழுகி உளுத்துப்போகிறது. விற்ற வீடு காட்டேஜ் ஆகிறது. சனி, ஞாயிறு பாட்டுச் சத்தம், திங்கட்கிழமை இருட்டு. அதனால் பேரூராட்சி 'மலையில் ஒரு வீடு' என்று ஒரு திட்டம் போட்டது. தொழிற்சாலையின் பழைய குவார்ட்டர்ஸில் மேல் வரிசை வீடுகள் விற்பனைக்கு. கூரை பழுது பார்த்துத் தருவார்கள், வீட்டு வரியில் சலுகை உண்டு. ஒரே நிபந்தனை, வாங்குகிறவர் குடியிருக்க வேண்டும். காட்டேஜ் போடக் கூடாது.

மே மாதம் வீட்டு மேளா. அதற்கு ஒரு கையேடு. அதன் கடைசிப் பக்கத்துக்குத்தான் என் கதை.

"வெறும் விளம்பரம்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க சார்," என்றார் ராஜசேகர். "கதைன்னா நம்பீருவாங்க."

அந்த இடத்திலேயே நான் எழுந்து போயிருக்க வேண்டும். வர்க்கி நன்றாக இருந்தது.

2

முதல் தொடக்கம்: 'பனி போர்த்திய மலைகளின் மடியில்...' அடித்தாயிற்று. மடியாவது, போர்வையாவது.

இரண்டாவது தொடக்கம்: 'சந்துருவும் வர்ஷாவும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளம் தம்பதி. நகரத்து இரைச்சல் அவர்களுக்கு' அலுத்துவிட்டதாம். இந்தச் சந்துருவை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எழுத எழுதப் புன்னகைத்துக்கொண்டே இருந்தான். வீடு வாங்கப் போகிறவன் எவனாவது புன்னகைப்பானா? குழாயைத் திருகிப் பார்ப்பான், சுவரைத் தட்டிப் பார்ப்பான், பக்கத்து வீட்டுக்காரன் குடிகாரனா என்று விசாரிப்பான். சந்துருவை வரிசைப் படியிலேயே நிறுத்திவிட்டு, நானே போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்தேன்.

ராஜசேகரே ஜீப்பில் கூட்டிப்போனார். மார்ச் மாதத்து வெயில், கண்ணாடி மாதிரி ஆகாயம். மேல் வரிசையில் நாலைந்து புகைபோக்கிகளில் புகை. முதல் வீட்டு வாசல் கொடியில் துணி, நடுவில் ஒரு மஞ்சள் ஸ்வெட்டர்.

"பாத்தீங்களா, அதுக்குள்ள குடி வர ஆரம்பிச்சுட்டாங்க," என்றார்.

நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஜீப்பை விட்டு இறங்க அவர் விடவில்லை. "டைம் ஆச்சுங்க" என்றார். அப்போதே எனக்குள் ஒன்று சுருக்கென்றது.

[குறிப்பு: நான் கோபிக்காரன், சமவெளி ஆள். இந்த மலைக்கு வேலைக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டவன். தங்கிவிட்டால் மலைக்காரன் ஆகிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இந்தக் குறிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதைக்கும்.]

3

அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். எதிரே வருகிறவன் முகம் தெரியாத மூடுபனி. புகைபோக்கிகளில் அதே புகை. மஞ்சள் ஸ்வெட்டர் மட்டும் இடம் மாறியிருந்தது. போன வாரம் முதல் வீட்டில் இருந்தது, இப்போது நாலாவது வீட்டுக் கொடியில் தொங்கியது.

அக்கம்பக்கத்தில் ஸ்வெட்டர் இரவல் கொடுத்துக்கொள்கிறார்கள் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். நான் நாலாவது வீட்டுக் கதவைத் தள்ளினேன். திறந்துதான் இருந்தது. உள்ளே பாய் இல்லை, பாத்திரம் இல்லை, ஒரு ஆணியில் காலண்டர்கூட இல்லை. அடுப்பில் மட்டும் சீகை மரத்து விறகு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு பெண் குந்தியிருந்தாள்.

"ஏனுங்க, ஊடு பாக்க வந்தீங்களா?" என்று பதறி எழுந்தாள். "எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க."

"யாரெல்லாம்?"

அவள் யோசித்தாள். நான் சந்துருவுக்கு யோசித்த மாதிரியே யோசித்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"ஒருத்தருமே இல்லீங்க. நான் மட்டுந்தான். மரகதம். கடைசி ஊடு."

தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பிரிவில் இருந்தவள். கம்பெனி மூடியபோது எழுதிக் கொடுத்த சொந்த வீடு. பேரூராட்சிதான் அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்திருந்தது. காலையில் வீடு வீடாக அடுப்பு மூட்ட வேண்டும், கொடியில் துணி போட வேண்டும். சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஆளில்லாத வரிசையைக் கண்டால் பயமாம். பேய்க்கா, திருடனுக்கா என்று நான் கேட்டேன். "ரெண்டுக்கும்தானுங்க" என்றாள்.

எனக்குக் கோபம் பொங்கியது. "ஊரையே ஏமாத்தறீங்களே, நல்லாவா இருக்கு?"

அவள் கோபப்படவில்லை. அது என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

"ஒரே ஒரு ஊட்டுக்காக மேல இருக்கற டேங்க்குக்கு மோட்டார் ஓட்ட மாட்டாங்களாமுங்க. மழைக்காலத்துக்குள்ள இன்னொரு குடும்பமாச்சும் வரோணும். இல்லீன்னா தண்ணி லைனை மூடீருவாங்க. அப்புறம் தண்ணிக்குக் கீழ ஊத்துக்குத்தான் போகோணும். போன வருசம் மோட்டார் ரிப்பேருன்னு எங்கூட்டுக்காரரு ஊத்துக்குப் போனாரு. காட்டுமாடு தூக்கி எறிஞ்சுபோட்டுது. இடுப்பு போச்சு. இப்பப் படுத்த படுக்கைங்க." விறகை உள்ளே தள்ளினாள். "இனி நான்தானே போகோணும்? என்னையும் தூக்கி எறிஞ்சா அவருக்கு ஆருங்க?"

எழுத்தாளனுக்கு அந்த இடத்தில் என்ன வேலை என்று தெரியவில்லை.

"ஆபீசரு சொன்ன கதை எழுதறவரு நீங்கதானுங்களா," என்றாள் நான் கிளம்பும்போது. "நல்லா எழுதுங்க சார். ஒரே ஒரு குடும்பம் வந்தாப் போதும்."

4

எழுதினேன். புன்னகைக்கிற சந்துருவையும் வர்ஷாவையும் நாலாவது வீட்டில் குடிவைத்தேன். (நீங்கள் என்னைத் திட்டலாம். திட்டுவதற்கு முன் ஊற்றுப் பாதையில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்.) கையேட்டின் கடைசி வரி இது: 'மூடுபனிக்கு நடுவே, வர்ஷாவின் மஞ்சள் ஸ்வெட்டர் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.'

அழகான வரி என்று எனக்குள் ஒரு கர்வம். ராஜசேகர் அதைப் படித்துவிட்டு, "சூப்பர் சார், படம் புடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அவர் ஈரோட்டுக்காரர்.

5

மேளாவுக்கு வந்த கூட்டத்தில் முக்கால்வாசி பேர் பஜ்ஜிக்கு வந்தவர்கள். சாயங்காலம் போல ஒரு தம்பதி என்னைத் தேடி வந்தார்கள். சகாயம், போத்தனூரில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஜூடித், பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். இவர்கள் நான் செய்த பாத்திரங்கள் இல்லை, பழைய ஸ்கூட்டரில் மலையேறி வந்த நிஜ மனிதர்கள். ஜூடித்தின் கையில் கையேடு. கடைசிப் பக்கம் மடித்திருந்தது.

"நீங்கதானே சார் எழுதுனது?"

பெருமையோடு தலையாட்டினேன்.

அவர் சிரித்த சிரிப்பில் பஜ்ஜிக் கடைக்காரரே திரும்பிப் பார்த்தார். "பனி எறங்குறப்ப எவளாச்சும் துணியை வெளிய காயப்போடுவாளா சார்? நான் கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்ல பொறந்து வளந்தவ. அடுப்புக்கு மேல கவுறு கட்டி, புகையிலதான் காயவெப்போம். ஸ்கூல் யூனிபார்மே புகை நாத்தம் அடிக்கும். வெளிய தொங்குதுன்னா அது துணி இல்ல, விளம்பர போர்டு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை வருஷம் இந்தப் பனியில் இருந்தும் என் துணியை யார், எங்கே காயப்போடுகிறார்கள் என்று பார்த்ததில்லை. சந்தேகப்படுவதில் புலி என்று பெயர் வாங்கியவன், ஸ்வெட்டர் வீடு மாறியதைப் பார்த்தேன், அது அங்கே தொங்குவதே பொய் என்பதைப் பார்க்கவில்லை.

"அப்போ அங்க ஒருத்தரும் இல்ல," என்றார் ஜூடித். "ஆனா கதையில புகை வருதே, அது நெசமா?"

"நிஜம். தினமும் அடுப்பு மூட்டறாங்க."

"யாரு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் இருந்தது. உண்மையையே சொல்லிவிட்டேன். மரகதம், மோட்டார், ஊற்று, காட்டுமாடு, எல்லாவற்றையும். கதை கெட்டது, இனி இவர்கள் இறங்கிப்போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஜூடித் நேராக மேல் வரிசைக்கு ஏறினார். மரகதத்தைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மொதல்ல எந்த ஊட்டுல பத்த வெப்பீங்க?"

"என் ஊட்டுக்குப் பக்கத்து ஊடுங்கம்மா. அங்கிருந்து தணல் எடுத்துட்டுப் போயித்தான் மத்த ஊட்டுக்கெல்லாம்."

ஜூடித் அந்த வீட்டுக்குள் போய்ச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் வெச்சுப் பாருங்க" என்றார். கதகதப்பாக இருந்தது. துளி ஓதம் இல்லை.

"பொய்க்குப் பத்த வெச்சாலும் நெருப்பு நெருப்புத்தானே சார்," என்றார். "இந்த ஊட்டை எடுத்துக்கறோம்."

மரகதம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தியமாகச் சொல்கிறேன், கதையை அங்கேயே முடித்துவிடத்தான் நினைத்தேன்.

அப்போதுதான் சகாயம், எங்கள் பின்னாலேயே ஏறி வந்திருந்த ராஜசேகரிடம் கேட்டார்: "ஏனுங்க, இங்க ரெண்டு மூணு காரு நிறுத்த எடம் இருக்குங்களா?"

6

ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கு எதற்கு மூன்று கார் நிறுத்த இடம்?

பிள்ளைகள் வருவார்கள் என்று நீங்கள் சொல்லலாம். பாத்ரூமில் கீசர் இரண்டு வைக்க முடியுமா என்று கேட்டதற்கு? வயதானவர்கள், குளிர் என்பீர்கள். சரி, 'இங்கிருந்து பார்த்தால் ரயில் தெரியுமா' என்று கேட்டதற்கு? ரயில்வேக்காரர், பாசம். எல்லாவற்றுக்கும் உங்களிடம் ஒரு பதில் இருக்கிறது. வீடு வாங்குகிறவர் நீங்கள்தானோ என்று எனக்கு உங்கள் மேலேயே சந்தேகம் வருகிறது.

முடிவு அ: ஜூடித்தும் சகாயமும் குடிவந்தார்கள். அடுப்புக்கு மேல் கயிறு கட்டினார்கள். மோட்டார் ஓடுகிறது.

முடிவு ஆ: ஜூடித் நல்லவர், சுவரை நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர். நல்ல சுவர் உள்ள வீடு நல்ல காட்டேஜும் ஆகும். சீசனுக்குச் சீசன் கார்கள் வரும். மற்ற மாதங்களில்

முடிக்க முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.

போன் செய்து கேட்கலாமே என்கிறீர்களா? செய்தேன். "அட, வாங்க சார், டீ குடிக்கலாம்" என்றார் ஜூடித். எங்கே என்று சொல்லவில்லை. பின்னால் ஒரு ரயில் ஊதியது. போத்தனூரிலும் ரயில் ஊதும், இங்கேயும் ஊதும். எனக்கு ரயில் சத்தத்தில் பேதம் தெரியாது.

7

இன்று ஜூலை. தென்மேற்கு மழை கொட்டி ஓய்ந்து, பனி இறங்கியிருக்கிறது. மேல் வரிசைக்கு வந்திருக்கிறேன். கார் எதுவும் இல்லை. ஸ்கூட்டரும் இல்லை. ஜூடித் வாங்கிய வீட்டுப் புகைபோக்கியில் மட்டும் புகை. கதவு சாத்தியிருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் நீராவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வாசல் கொடியில் துணி இல்லை.

ஆள் இருக்கிற வீட்டில் இந்தப் பனியில் துணி வெளியே தொங்காது. ஆள் இல்லாத வீட்டிலும் தொங்காது. ஜூடித் சொல்லிக்கொடுத்த பாடம் எனக்கு இப்படித்தான் உதவுகிறது.

குழாயடியில் மரகதம் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் நன்றாக வந்தது.

"ஆளு இருக்காங்களா?" என்றேன்.

"இருக்காங்க, இருக்காங்க. அதான் பொகை வருதேங்க."

"நீ பத்த வெச்ச புகையையும் நான் பார்த்திருக்கேன் மரகதம்."

"நெசமாத்தான் சார்." அவள் விரல்களில் கரி. அவள் வீட்டிலும் அடுப்பு எரிகிறது, அதனாலும் இருக்கலாம்.

கதவுக்கு முன்னால் வந்துவிட்டேன். தட்டக் கையைத் தூக்கினேன்.

தட்டினால் தெரிந்துவிடும். திறந்தால் நல்லது, டீ குடிப்பேன். திறக்காவிட்டால்? தெரிந்ததை எழுதாமல் இருக்க எனக்குத் துப்பில்லை. எழுதினால் ராஜசேகர் படிப்பார், நான் எழுதுவதை விடாமல் படிக்கிற ஒரே ஆள் அவர்தான். படித்தால் தண்ணீர் லைனை மூட ஆள் அனுப்புவார். மரகதத்தின் ஒரே வீட்டுக்கு மோட்டார் எதற்கு என்று அவர் கேட்டால் அதில் தப்பும் சொல்ல முடியாது.

கையை இறக்கிவிட்டேன். இதைக் கோழைத்தனம் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் தட்டுவதாக இருந்தால் தட்டுங்கள். கதவு இதோ இருக்கிறது, நான் ஒதுங்கிக்கொள்கிறேன். தட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். குடம் நிரம்பி வழிகிறது. மரகதம் அதைக் கவனிக்காமல் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.