மாற்றி அமத்த ஓர் ஆள்

"திருப்புங்கோ மாமா. இது தண்ணி குடிச்சதால இல்லை, நெஞ்சடைப்பு."

ஜசிந்தா சொன்னது சவிரிமுத்து மாமாவின் காதில் ஏறவில்லை. படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பா சில்வெஸ்ரர், முழங்காலளவு தண்ணீரில் முகங்குப்புற விழுந்திருந்தார். கடலில் விழுந்தவனுக்கு எழுவைதீவு அறிந்த வைத்தியம் ஒன்றுதான்: படகு விளிம்பில் குப்புறப் போட்டு முதுகை அமுக்குவது. அதைத்தான் மாமா செய்துகொண்டிருந்தார்; அவரே ஒருமுறை அப்படிப் பிழைத்தவர். ஆனால் அப்பாவின் வாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை.

அவள் பாய்ந்து அவரை மல்லாத்தி நெஞ்சை அமுக்கத் தொடங்கினாள். அண்ணன் ஜோர்ஜும் மாமாவும் அவரை அப்படியே படகில் ஏற்றி, ஆஸ்பத்திரி இருக்கும் ஊர்காவற்துறைக்குப் படகை விட்டார்கள்.

கோயில் பங்கு மண்டபத்தில் நடந்த முதலுதவி வகுப்பில் றப்பர் பொம்மையை அமுக்கிச் சிரித்தவள்தான் அவள். "ஆஸ்பத்திரிக்கு வெளியில இதயம் நிண்டால் பத்தில ஒராள் தப்பினாலே பெரிசு," என்றிருந்தாள் படிப்பித்த தாதி. "களைச்சால் ஆளை மாத்துங்கோ. விட்டிடாதேங்கோ."

உள்ளங்கையின் கீழ் விலா எலும்பொன்று முறிந்தது. நானே கொல்கிறேனோ?

"அண்ணை, எனக்கு ஏலாமக் கிடக்கு. நீங்கள் அமத்துங்கோ."

ஜோர்ஜ் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "அப்பான்ர நெஞ்சில நான் எப்பிடியடி குத்திறது?"

அவன் செபமாலையை எடுத்தான். இஞ்சின் பிடித்திருந்த மாமா தொப்பியைக் கழற்றினார். புயலுக்கு அஞ்சாத ஆம்பிளைகள், ஒரு நெஞ்சைத் தொடப் பயந்து குந்தியிருந்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செபம் பிறகு சொல்லலாம்," என்றாள். ஒருவரும் கிட்ட வரவில்லை.

கைகள் மரத்துப்போயின. அமுக்குவது தளர்ந்தது அவளுக்கே தெரிந்தது. நிறுத்தினால் அப்பா செத்துவிட்டார் என்று தன் வாயால் சொன்னதாகிவிடும். நிறுத்தாமல் அழுதாள்.

இறங்குதுறையில் அம்புலன்ஸ்காரர்கள் அவளை விலக்கிவிட்டுத் தாங்கள் நெடுநேரம் முயன்று பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் அப்பாவின் நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களைக் கழற்றினார்.

"முடிஞ்சுது தங்கச்சி. நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்திட்டீங்கள்."

மாமா சிலுவை போட்டுக்கொண்டார். ஜோர்ஜ் செபமாலையைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டான்.

"எவ்விடத்தில கையை வைக்கிறது?" என்றான். "காட்டடி."

அம்புலன்ஸ்காரர் வயர்களை ஒதுக்கி அவனுக்கு வழிவிட்டார். ஜசிந்தா அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக, அப்பாவின் நெஞ்சின் நடுவில் வைத்தாள்.